மர எல்லைக்கு அப்பால் முளைக்கும் மரக்கன்று: தூந்திராச் செடிகளுக்கு என்ன ஆகிறது?

2022 ஆகஸ்டில் 'நேச்சர்' ஆய்விதழில் அலாஸ்காவைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அலாஸ்கா பசிபிக் பல்கலைக்கழகத்தின் ரோமன் டயலும் குழுவினரும் எழுதியது. புரூக்ஸ் மலைத்தொடரை ஒட்டிய வடமேற்கு அலாஸ்காவில் வெள்ளை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் பத்தாண்டுக்கு 4 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வடக்கே பரவுவதாக அது சொன்னது. செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. கூடவே ஒரு குழப்பமும் சுற்றியது: மரம் வளர்வது நல்ல சேதிதானே, இதற்கு ஏன் விஞ்ஞானிகள் முகம் சுளிக்கிறார்கள்?

மரம் எங்கே வளர்கிறது, அங்கே ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். முதலில் அந்த இடத்தைப் புரிந்துகொள்வோம்.

## மர எல்லை என்பது என்ன?

வடக்கே போகப் போகக் காடு அடர்த்தி குறையும். பிறகு மரங்கள் திட்டுத் திட்டாக நிற்கும். அப்புறம் இடுப்பளவு உயரத்தில் முறுக்கிக்கொண்டு கிடக்கும் ஒன்றிரண்டு குட்டை மரங்கள். அதற்கும் அப்பால் மரமே இல்லை. இந்த மாற்றம் நடக்கும் பட்டையைத்தான் மர எல்லை என்கிறோம். வரைபடத்தில் கோடாகப் போட்டாலும் தரையில் அது பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு மங்கலான பகுதி. அதற்கு வடக்கே கிடக்கும் மரமற்ற நிலமே தூந்திரா.

எல்லை எங்கே விழுகிறது என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது கோடை வெப்பம். ஜூலை மாதச் சராசரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடங்களை இணைத்துக் கோடு போட்டால், அது ஏறக்குறைய மர எல்லையோடு ஒட்டிப் போகும். குளிர்காலக் கடுமை பெரிய தடையில்லை. சைபீரியாவின் லார்ச் மரங்கள் உலகத்தின் மிகக் கொடிய குளிரைத் தாங்கி நிற்கின்றன. டைமிர் தீபகற்பத்தில் 72 டிகிரி அட்சரேகையைத் தாண்டியும் லார்ச் தோப்பு இருக்கிறது. மரத்துக்கு வேண்டியது புதுத் திசு கட்டுவதற்குப் போதுமான வெதுவெதுப்பு.

எல்லையில் நிற்கும் மரம் இடத்துக்கு இடம் வேறு. அலாஸ்காவிலும் கனடாவிலும் ஸ்புரூஸ், சைபீரியாவில் பெரும்பாலும் லார்ச், ஸ்காண்டிநேவியாவின் வடக்கில் மலை பிர்ச். ஸ்புரூஸ் ஆண்டு முழுக்கப் பசுமையாக இருக்கும். லார்ச்சும் பிர்ச்சும் இலையுதிர்ப்பவை. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

## குட்டையாக இருப்பதே பிழைப்பு

மரம் வாழ முடியாத இடத்தில் செடிகள் மட்டும் எப்படி வாழ்கின்றன? உயரத்தில்தான் விடை இருக்கிறது.

மரத்தின் மொட்டு காற்றில் நிற்கிறது. காற்று 6 டிகிரி என்றால் மொட்டும் கிட்டத்தட்ட அதே 6 டிகிரிதான். தரையோடு படிந்து கிடக்கும் செடிக்கு அப்படியில்லை. காற்று அதன் மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். வெயில் விழுந்த தரையின் சூடு செடிக்குள்ளேயே தங்கும். மெத்தை மாதிரி அடர்ந்து வளரும் சில செடிகளுக்குள், நல்ல வெயில் நாளில், சுற்றியுள்ள காற்றைவிட 10 டிகிரிக்கும் மேல் சூடு இருக்கும். நமக்குப் பல் கிட்டித்துப்போகும் இடத்தில், விரற்கடை உயரத்தில் ஒரு இளவேனில் நடந்துகொண்டிருக்கும்.

டிரையாஸ் என்ற வெள்ளைப் பூச்செடி இந்த வித்தையின் உச்சம். எட்டு இதழ் கொண்ட அதன் பூ, கிண்ணம் போல வெயிலைக் குவித்து நடுவில் சேர்க்கும். சூரியன் போகும் திசையெல்லாம் பூவும் திரும்பும். குளிரில் விறைத்த ஈக்களும் கொசுக்களும் அந்தக் கிண்ணத்தில் வந்து குளிர்காய்ந்துவிட்டு மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகும்.

இவற்றோடு லைக்கன்கள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடலாக வாழும் உயிரினம் இது. வேர் கிடையாது. ரெயின்டீர் மான்களின் முக்கியக் குளிர்கால உணவான வெளிர்நிற லைக்கன், ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கை உயரத்துக்கு ஒரு லைக்கன் மெத்தை இருந்தால் அதன் வயதைப் பத்தாண்டுகளில் எண்ண வேண்டும்.

ஆக, இந்தச் செடிகளின் வாழ்க்கை ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: தங்களுக்கு மேலே வேறு எவரும் இருக்கக் கூடாது. மரக்கன்று முறிப்பது இந்த நிபந்தனையைத்தான்.

## எல்லா இடத்திலும் எல்லை நகர்கிறதா?

இல்லை. இதைச் சொல்லாமல் விடும் செய்திகள்தான் அதிகம். உலகெங்கும் 166 மர எல்லை இடங்களின் தரவுகளைத் திரட்டிய 2009-ஆம் ஆண்டு ஆய்வில், 1900-க்குப் பிறகு முன்னேறியவை 52 சதவீதம். பின்வாங்கியவை இரண்டே இடங்கள். மீதி எல்லாம் இருந்த இடத்திலேயே நின்றன. ஆர்க்டிக் பகுதியோ 1979-க்குப் பிறகு உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிறது. வெப்பம் மட்டும் போதுமென்றால் எல்லை எங்கும் ஓடியிருக்க வேண்டும்.

அலாஸ்கா ஆய்வின் உண்மையான பங்களிப்பு 4 கிலோமீட்டர் என்ற எண் அல்ல. வெப்பத்தோடு வேறு என்னென்ன கூடிவர வேண்டும் என்று அது காட்டியதுதான்: விதையைப் பனியின் மேல் தள்ளிக்கொண்டு போகும் குளிர்காலக் காற்று, கன்றைப் போர்த்திக் காக்கும் ஆழமான பனி, சத்துள்ள மண். கடல் பனிக்கட்டி குறைந்து திறந்த நீர்ப்பரப்பு கூடுவதால் ஈரமும் பனிப்பொழிவும் அதிகரிப்பதோடு இதைத் தொடர்புபடுத்தினார்கள். கன்றுகளை முதலில் காட்டிக்கொடுத்தவை செயற்கைக்கோள் படங்களில் தெரிந்த நிழல்கள். தாழ்ந்த சூரியன், வெள்ளைப் பனி, அதன் மேல் நீண்ட கறுப்புக் கோடுகள். பிறகு நடந்துபோய் நேரில் பார்த்து உறுதி செய்தார்கள்.

விதை வந்து விழுந்தாலும் தரைச்செடிகள் சும்மா இருப்பதில்லை. குரோபெர்ரி என்ற கரும்பழப் புதர்ச்செடியின் இலையில் பட்டாட்டசின் என்ற வேதிப்பொருள் உண்டு. இலைச்சருகு வழியாக மண்ணில் இறங்கி, மர விதை முளைப்பதையும் நாற்று வேர்விடுவதையும் அது தடுக்கும். அடர்ந்த பாசி மெத்தையில் விழும் விதை மண்ணைத் தொடாமலே காய்ந்து போகும். அதனால்தான் கன்றுகள் பெரும்பாலும் மண் புரண்ட இடத்தில், குளிரில் நிலம் வெடித்த இடத்தில், ஆற்றோரத்தில் தலைகாட்டுகின்றன.

## ஒரு கன்று சுற்றுப்புறத்தில் செய்யும் மாற்றங்கள்

சரி, ஒரு கன்று பிழைத்து முழங்கால் உயரத்தைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

1. சுழலும் நிழல். ஒரு மீட்டர் மரம் எவ்வளவு நிழல் போட்டுவிடும் என்று நமக்குத் தோன்றும். நம் ஊரில் உச்சிவெயிலில் அதன் நிழல் அதன் காலடியிலேயே கிடக்கும். ஸ்வீடனின் வடகோடியில் உள்ள அபிஸ்கோவில் (68 டிகிரி வடக்கு) கதை வேறு. ஜூன் 21 நண்பகலில்கூடச் சூரியன் 45 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். நிழலின் நீளம் மரத்தின் உயரமே. சூரியன் 10 டிகிரிக்கு இறங்கும்போது நிழல் 5.7 மீட்டர். நள்ளிரவிலும் சூரியன் மறையாது. அடிவானத்துக்கு மேலே இரண்டு டிகிரிகூட இல்லாத உயரத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதாவது அந்த நிழல் கடிகார முள் மாதிரி மரத்தைச் சுற்றி 24 மணி நேரமும் வலம் வரும். தெற்குப் பக்கம், வடக்குப் பக்கம் என்று தப்பிக்க இடமில்லை. ஒரு மரத்தால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் சில மீட்டர் இடைவெளியில் பத்து மரங்கள் நின்றால் அவற்றின் நிழல் வட்டங்கள் ஒன்றோடொன்று மேவிவிடும். செயற்கைக்கோள் படத்தில் நமக்குத் துப்புக் கொடுத்த அதே நிழல்தான் டிரையாஸ் பூவின் கிண்ணத்தை ஆறவைக்கிறது.

2. பனி தேங்குதல். தூந்திராவில் காற்று பனியைப் பெருக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும்; மேடுகளில் அது மெல்லிய போர்வையாகத்தான் தங்கும். நடுவில் ஒரு கன்று நின்றால் காற்று தடைபடும், சுமந்து வந்த பனி அதன் மறைவில் கொட்டும். இதன் விளைவு இரு திசையில் போகிறது.

பனி என்பது காற்றறைகள் நிறைந்த பஞ்சு. ஆழமான பனிக்கு அடியில் மண் அதிகம் உறையாது. வெட்டவெளியைவிடப் பல டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும் அந்த மண்ணில் நுண்ணுயிர்கள் குளிர்காலம் முழுக்க மெதுவாக வேலை செய்து நைட்ரஜனை விடுவிக்கும். பனி உருகியதும் அந்த உரம் யாருக்குப் போகும்? வேகமாக வளரத் தெரிந்த புதர்களுக்கும் புல்லுக்கும் கன்றுக்குமே. இவை இன்னும் உயர்ந்து இன்னும் பனியைப் பிடிக்கும். அலாஸ்காவில் வில்லோ, ஆல்டர் புதர்கள் பரவுவதை விளக்க 2000-களில் முன்வைக்கப்பட்ட இந்தச் சுழற்சி, மரக்கன்றுக்கும் அப்படியே பொருந்தும்.

மறுபக்கம், ஆழமான பனி உருகத் தாமதமாகும். வளரும் பருவமே இரண்டு மூன்று மாதம்தான். அதில் ஒரு வாரம் போனாலும் பூத்து விதை கட்டும் செடிக்கு அது பெரிய இழப்பு. இதில் ஒரு சின்ன விசித்திரமும் உண்டு: வெயிலில் சூடேறும் கருத்த தண்டைச் சுற்றிப் பனி முதலில் உருகி ஒரு குழி விழும். ஆக, தண்டை ஒட்டி முன்கூட்டியே வசந்தம், இரண்டடி தள்ளித் தாமதமான வசந்தம்.

3. சருகு. பிர்ச் இலை உதிர்ந்தால் லைக்கன் மேல் படியும். வேரில்லாத லைக்கனுக்கு வெளிச்சமும் ஈரமும் மேலிருந்துதான் வர வேண்டும். அதன் மேல் சருகு மூடினால் கதை முடிந்தது.

4. வேரோடு வரும் பூஞ்சை. மண்ணுக்கு மேலே இதன் அறிகுறி எதுவும் தெரியாது. ஆனால் விளைவில் மேற்சொன்ன மூன்றையும் இது மிஞ்சக்கூடும் என்பது என் கணிப்பு. குரோபெர்ரி, புளூபெர்ரி போன்ற செடிகளின் நுண்வேர்களில் ஒருவகைப் பூஞ்சை குடியிருக்கிறது. சத்தில்லாத புளிப்பு மண்ணில் கிடைத்ததைச் சுரண்டிக் கொடுத்து, கழிவை மெதுவாக மட்கவிடும் சிக்கனக்காரக் கூட்டாளி. ஸ்புரூஸ், பிர்ச், லார்ச் வேர்களோ வேறுவகைப் பூஞ்சையைக் கொண்டுவரும். மரம் அதற்குச் சர்க்கரையை ஏராளமாகக் கொடுக்கும். பதிலுக்குப் பழைய மட்கை உடைத்து அதில் சிக்கிய நைட்ரஜனை அது எடுத்துத் தரும். நூற்றாண்டுகளாகச் சேர்ந்த சேமிப்பை எடுத்துச் செலவழிக்கும் வேலை இது. தூந்திராவின் குட்டை பிர்ச், வில்லோ வேர்களிலும் இதே வகைப் பூஞ்சை உண்டு என்பதால் மரம் வரும்போது கூட்டாளிகள் ஏற்கெனவே மண்ணில் தயாராகக் காத்திருப்பதும் உண்டு.

## ஆதாயம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

கன்று வந்ததும் எல்லாச் செடிகளும் அழியும் என்பது தவறான சித்திரம். காற்று வீசும் மேட்டில், பனிப்போர்வை இல்லாமல் மொட்டு கருகிக்கொண்டிருந்த புளூபெர்ரிக்கு, பக்கத்தில் ஒரு கன்று முளைப்பது உதவிதான். இப்படி அண்டையில் உள்ளதைக் காக்கும் செடியைச் சூழலியலில் செவிலிச் செடி என்பார்கள். கடுமையான இடத்தில் செடிகள் ஒன்றுக்கொன்று துணை. சூழல் இளகினால் அதே செடிகள் போட்டியாளர்கள். ஒரே கன்று தன் இளமையில் செவிலியாக இருந்து, தலைக்கு மேல் உயர்ந்தபின் போட்டியாளராக மாறும்.

பொதுவாகச் சொன்னால் வரிசை இப்படி அமைகிறது:

1. முதலில் அடிபடுவது லைக்கன். உயரமும் இல்லை, வேகமும் இல்லை, நிழலைத் தாங்கும் திறனும் இல்லை.
2. அடுத்து வெயில் நாடும் மெத்தைச் செடிகள், டிரையாஸ் முதலியவை. பல்லாண்டு வாழ்பவை என்பதால் உடனே சாவதில்லை. பூப்பது குறையும், விதை குறையும், இடம் சுருங்கும். கணக்கெடுப்பில் "இன்னும் இருக்கிறது" என்றே பல ஆண்டுகள் பதிவாகும்.
3. புளூபெர்ரி, லிங்கன்பெர்ரி போன்றவை அரைநிழலிலும் பிழைக்கும். காட்டிலும் தூந்திராவிலும் கால் வைத்திருப்பவை.
4. புற்களும் அகன்ற இலைச் செடிகளும் சத்து கூடிய மண்ணில் ஆதாயம் அடைபவை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெப்பம் மட்டுமே கூடினாலும் ஏறக்குறைய இதே விளைவுதான். 1990-இல் தொடங்கிய சர்வதேசத் தூந்திராப் பரிசோதனையில், மேலே திறந்த, ஒளிபுகும் சிறு கூண்டுகளால் செடிகளை ஒன்றிரண்டு டிகிரி சூடாக்கிப் பார்த்தார்கள். அங்கும் புதர் கூடியது, சருகு கூடியது, லைக்கன் குறைந்தது. ஆகவே லைக்கன் குறைவதை மட்டும் பார்த்து, அது கன்றின் வேலையா காலநிலையின் வேலையா என்று பிரிக்க முடியாது. கன்றின் அடியில் ஒரு சதுரம், அதே கன்றிலிருந்து சில மீட்டர் தள்ளி இன்னொரு சதுரம் என்று எடுத்து ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் காலநிலை ஒன்றே. வித்தியாசம் இருந்தால் அதற்குக் காரணம் கன்று.

## மரம் கூடினால் கார்பன் கூடுமா?

மரம் கார்பனைச் சேமிக்கும் என்பது பொது விதி. தூந்திராவில் கார்பன் தரைக்குக் கீழே இருக்கிறது. குளிரில் மட்காமல் சேர்ந்த சருகும் வேரும்தான் அந்தக் கையிருப்பு. அபிஸ்கோவில் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, பிர்ச் காட்டையும் பக்கத்திலுள்ள குட்டைப்புதர்த் தூந்திராவையும் அளந்து பார்த்தது. தரைக்கு மேலே காட்டில்தான் கார்பன் அதிகம், சந்தேகமில்லை. மண்ணையும் சேர்த்துக் கூட்டினால் தூந்திரா முந்தியது. கோடையின் நடுவில், மரம் உச்ச வேகத்தில் வளரும்போது, பழைய மண் கார்பன் சிதைவது தூண்டப்படுவதையும் அவர்கள் கண்டார்கள். முன்னே சொன்ன செலவாளிப் பூஞ்சையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நிழலுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. இப்பகுதியின் மண்ணுக்கு அடியில் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் நிரந்தர உறைமண் இருக்கிறது. கோடையில் மேலடுக்கு மட்டும் உருகும். வடகிழக்குச் சைபீரியாவில் குட்டை பிர்ச் புதரை வெட்டி அகற்றிப் பார்த்தபோது உருகும் அடுக்கின் ஆழம் சுமார் 9 சதவீதம் கூடியது. புதரின் நிழல் மண்ணைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது என்று இதற்குப் பொருள். ஆனால் குளிர்காலத்தில் அதே கிளைகள் பனியைத் தேக்கி மண்ணைச் சூடாக வைக்கின்றன. கோடை லாபமும் குளிர்கால நஷ்டமும் கூட்டிக் கழித்தால் எது மிஞ்சும் என்பது பனியின் ஆழத்தையும் மரத்தின் அடர்த்தியையும் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும்.

இதோடு நிறமும் சேர்கிறது. பனி மூடிய தூந்திரா தன் மேல் விழும் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பனிக்கு மேல் தலைநீட்டும் ஸ்புரூஸ் கரும்பச்சை, வெயிலை வாங்கிக்கொள்ளும். இலையுதிர்த்து நிற்கும் லார்ச்சும் பிர்ச்சும் இதில் ஸ்புரூஸ் அளவுக்கு மோசமில்லை.

## மானும் புழுவும்

கன்றுகளைக் கட்டுப்படுத்தும் ஆள் ஒருவர் உண்டு: ரெயின்டீர். கோடையில் பிர்ச், வில்லோ இலைகளை மேய்ந்து அவற்றைத் தரையோடு வைத்திருக்கும். வடக்கு ஸ்காண்டிநேவியாவில் வேலி போட்டு மான்களைத் தடுத்த இடங்களில் புதர்கள் விறுவிறுவென்று உயர்ந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அப்பகுதியின் பழங்குடிகளான சாமி மக்களின் மான் மந்தைகள் எந்தப் பருவத்தில் எங்கே மேய்கின்றன என்பதுகூட மர எல்லையின் இடத்தைத் தீர்மானிக்கிறது. ஆனால் ஸ்புரூஸ் ஊசியிலையை மான் விரும்பித் தின்பதில்லை. அலாஸ்காவில் இந்த வழி அதிகம் உதவாது.

பிர்ச்சுக்கு இன்னொரு எதிரி அந்துப்பூச்சியின் புழுக்கள். 2000-களின் தொடக்கத்தில் வடக்கு ஸ்காண்டிநேவியாவில் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பிர்ச் காடு இவற்றால் மொட்டையானது. மரம் போனதால் பழைய தூந்திராச் செடிகள் திரும்பினவா என்றால், இல்லை. புழுக்கள் குரோபெர்ரியையும் தின்றன. எச்சமும் சருகும் மண்ணுக்கு உரமாகின. அந்த இடத்தைப் புல் பிடித்துக்கொண்டது.

## தூந்திராவுக்குப் போக்கிடம் உண்டா?

மரம் வடக்கே நகர்ந்தால் தூந்திராவும் வடக்கே நகரலாமே என்று கேட்கலாம். வடக்கே இருப்பது ஆர்க்டிக் பெருங்கடல். பல இடங்களில் தூந்திரா என்பது காட்டுக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒரு பட்டைதான்.

இது முன்பும் நடந்திருக்கிறது. 9,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன், கோடைகள் இன்றைய அளவைவிட வெப்பமாக இருந்தபோது, ரஷ்யாவின் வடக்கில் மரங்கள் ஏறக்குறைய இன்றைய கடற்கரை வரை போயின. சதுப்பில் புதைந்த அடிமரங்கள் இன்றும் அங்கே கிடைக்கின்றன. பிறகு குளிர் திரும்பியது, 4,000 முதல் 3,000 ஆண்டுகளுக்கு முன்பு மரங்கள் தெற்கே ஒதுங்கின. தூந்திரா அந்த நெருக்கடியைத் தாண்டிப் பிழைத்தது. அந்தக் காலத்தின் தொடக்கத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்ததால் கரைக்கு அப்பாலும் கொஞ்சம் நிலம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் துருவ ஆய்வு நிறுவனத்தினர் 2022-இல் சைபீரிய லார்ச் பரவுவதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். மரம் உடனே ஓடிவிடுவதில்லை. விதை பரவவும் கன்று வளரவும் காலம் பிடிக்கும். முதலில் பின்தங்கி, அப்புறம் எட்டிப் பிடிக்கும். கார்பன் உமிழ்வைக் கடுமையாகக் குறைத்தால் இந்த ஆயிரமாண்டின் நடுப்பகுதியில் சைபீரியத் தூந்திராவில் ஏறக்குறைய 30 சதவீதம் தப்பும். குறைக்காவிட்டால் 6 சதவீதத்துக்கும் கீழே போகும். மிஞ்சுவது மேற்கே டைமிரில் ஒரு துண்டு, கிழக்குக் கோடியில் சுக்கோட்காவில் ஒரு துண்டு. இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் லார்ச் காடு.